சரிவும் வடமும்: நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து நிலக்கரி மேலே வரும் விதம்

தெலங்கானாவில் சிங்கரேணி நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுடைய பெயர்களைப் பாருங்கள்: ஜிடிகே 11 இன்க்ளைன், விகே 7 இன்க்ளைன், பிவிகே 5 இன்க்ளைன். ஜிடிகே என்பது கோதாவரிக்கனி. பிவிகே என்பது பத்மாவதி கனி. கனி என்றால் சுரங்கம். நம்முடைய கனிமம் என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே கனிதான். இன்க்ளைன் என்றால் சரிவு. தரையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு பாதையே வாசல் என்பதால், சரிவே சுரங்கத்தின் பெயராகிவிட்டது. வெட்டிய கரி எப்படி வெளியே வருகிறது என்று கேட்டால், பதிலில் பெரும்பகுதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் நிலக்கரி என்றதும் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அது பழுப்பு நிலக்கரி. மேல்மண்ணை அகற்றி, வானம் தெரியத் தோண்டும் திறந்தவெளிச் சுரங்கம். நிலத்தடிச் சுரங்கம் வேறு. மேலே ஊரும் வயலும் காடும் அப்படியே இருக்க, நூறு முதல் பல நூறு மீட்டர் ஆழத்தில், ஆயிரங்கால் மண்டபம் போலக் கரியையே தூண்களாக விட்டுவிட்டு இடையில் தெருக்களைக் குடைந்துகொண்டு போவார்கள். கரி வெட்டப்படும் சுவருக்கு ஃபேஸ் என்று பெயர். வெட்ட வெட்ட ஃபேஸ் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். வாசலோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே சுரங்கத்துக்கு வயது ஏற ஏற, கரி கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வைக்கும் ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹாலேஜ் என்கிறார்கள்.

கரியை வெட்டும் இயந்திரங்களுக்குக் கிடைக்கும் கவனம் ஹாலேஜுக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது. ஃபேஸில் எத்தனை டன் வெட்டினாலும், பாதை எவ்வளவு சுமக்குமோ அவ்வளவுதான் அந்தச் சுரங்கத்தின் உற்பத்தி. வாய்க்கால் சிறுத்தால் ஏரி நிறைந்திருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராது, அதே கதைதான். சுரங்கத் தொழிலாளர்களின் உயிரையும் கைகால்களையும் பறித்த விபத்துகளில் கணிசமானவை இந்தப் பாதைகளில்தான் நடந்திருக்கின்றன. எந்த முறையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் அது புரிந்துவிடும். பாதை எவ்வளவு சரிகிறது? சுமையைப் பிடித்திருப்பது கைவிட்டால், வேறு எது பிடிக்கும்?

முதலில் இழுத்தவர்கள் மனிதர்கள். அதிலும் பெண்களும் குழந்தைகளும். பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குனிந்தாலும் தலை இடிக்கும் உயரத்தில், இடுப்பில் வார் கட்டி, கால்களுக்கிடையே சங்கிலி ஓட, நான்கு கால்களில் தவழ்ந்து கரிப்பெட்டிகளை இழுத்தார்கள். வண்டி வரும்போது காற்றோட்டக் கதவைத் திறந்து மூடுவதற்கென்றே சிறு குழந்தைகள் இருட்டில் உட்கார வைக்கப்பட்டார்கள். 1838 ஜூலை 4 அன்று யார்க்‌ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில் இடிமழையால் மேலே இருந்த நீராவி இயந்திரம் நின்றுபோனது. கீழே இருந்தவர்களைத் தூக்க வழியில்லை. குழந்தைகள் காற்றோட்டத்துக்கான பக்கப்பாதை வழியே வெளியேற முயன்றபோது, பெருகிவந்த ஓடை அந்தப் பாதைக்குள் புகுந்தது. 26 குழந்தைகள் மூழ்கி இறந்தார்கள். 1842-இல் வந்த சட்டம், பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. ராணிகஞ்ச், ஜாரியா பகுதிகளில் கணவன் கரியை வெட்ட, மனைவி அதைக் கூடையில் சுமந்துபோய் வண்டியில் கொட்டுவார். அந்தப் பெண்களை காமின் என்று அழைத்தார்கள். 1929-இல் வந்த விதிகள் அவர்களைப் படிப்படியாக நிலத்தடியிலிருந்து விலக்கி, 1937-இல் முழுத்தடையாயின. இரண்டாம் உலகப்போரில் கரித் தேவை நெருக்கியதும் 1943-இல் தடை தளர்ந்தது. 1946-இல் மீண்டும் வந்தது. நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பெண்களை அமர்த்தலாம் என்ற அனுமதிக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மனிதர்களுக்குப் பின் மட்டக்குதிரைகள் வந்தன. 1913 வாக்கில் பிரிட்டனின் சுரங்கங்களுக்குள் ஏறத்தாழ 70,000 குதிரைகள் வேலை செய்தன. சமதளத்தில் குதிரை நன்றாக இழுக்கும். செங்குத்துச் சரிவில் அதனால் முடியாது. அந்த இடத்தில்தான் வடம் வருகிறது.

சரிவைச் சுரங்கத்தில் '4-க்கு 1' என்பது போலச் சொல்வார்கள். பாதையில் 4 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கியிருப்போம் என்று பொருள். கரி ஏற்றும் வண்டிக்கு டப் என்று பெயர். தண்டவாளத்தில் ஓடும் இரும்புத் தொட்டி அது. ஏறத்தாழ ஒரு டன் கரி பிடிக்கும். கரியும் வண்டியும் சேர்ந்து ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால், பத்து டப்கள் கோத்த தொடரின் எடை 15 டன். 4-க்கு 1 சரிவில் அதில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ மூன்றே முக்கால் டன், வடத்தின் மீது கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். உராய்வைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்த இழுவை ஓய்வதில்லை.

வடத்தைக் கொண்டு இழுப்பதில் மிக எளியது நேரடி வட ஹாலேஜ். சரிவின் உச்சியில் மின்மோட்டாரும் பெரிய உருளையும் இருக்கும். உருளையில் சுற்றிய எஃகு வடத்தின் முனையில் டப் தொடர் மாட்டப்படும். மேலே வரும்போது மோட்டார் இழுக்கும். இறங்கும்போது மோட்டாருக்கு வேலையில்லை. காலி டப்கள் தம் எடையாலேயே உருண்டு, வடத்தையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். பிரேக் மட்டும் போதும். கமலை இறைத்தவர்களுக்கு இதன் தர்க்கம் உடனே பிடிபடும். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலேறும். பள்ளத்தின் உதவி ஒரு திசையில் கிடைத்துவிடுகிறது. இதனால் நேரடி ஹாலேஜுக்கு நல்ல சரிவு தேவை. சரிவு போதாவிட்டால் காலி வண்டிகள் பாதிவழியில் நின்றுவிடும்.

இப்போது இரண்டாவது கேள்வி. தொடர் மேலேறிக்கொண்டிருக்கும்போது ஒரு கொக்கி கழன்றால்? 4-க்கு 1 சரிவில் 200 மீட்டர் உருண்டால் 50 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். உராய்வைக் கழித்தாலும், அடிக்கு வரும்போது அந்த ஒன்றரை டன் இரும்பும் கரியும் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் இருக்கும். பாதையோ குறுகலானது.

இதற்கான காவல் ஏற்பாடுகளில் என்னை மிகவும் கவர்ந்தது பேக்-ஸ்டே. மேலேறும் தொடரின் கடைசி டப்பின் பின்புறம் ஒரு கனத்த இரும்புத் தண்டைத் தொங்கவிடுவார்கள். அது தண்டவாளக் கட்டைகளின் மேல் சும்மா உரசிக்கொண்டே பின்னால் வரும். தொடர் ஒரு சாண் பின்வாங்கினாலும் தண்டின் முனை தரையில் குத்தி நிற்கும். வண்டி அதன்மேல் ஏறித் தடம் புரண்டு, பக்கச் சுவரில் சாய்ந்து நின்றுவிடும். மின்சாரம் வேண்டாம், யாரும் பொத்தானை அழுத்தவும் வேண்டாம். கீழிறங்கும் ஆசையையே வண்டிக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது அந்தத் தண்டு.

சரிவின் உச்சியில் தண்டவாளத்தின் குறுக்கே ஸ்டாப் பிளாக் இருக்கும். இதற்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் உண்டு: முட்டுக்கட்டை. இன்று அதை இடைஞ்சல் என்ற பொருளில்தான் எழுதுகிறோம். தேர்ச்சக்கரத்தின் முன்னால் கட்டை கொடுப்பவரைப் பார்த்தவர்களுக்கு அது உயிர்காக்கும் சொல். சுரங்கத்திலும் அப்படித்தான். உச்சியிலுள்ள கட்டை தவறினால், அதற்குக் கீழே, ஒரு தொடரின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் இரண்டாவது தடுப்பு ஒன்று இருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஓடிவரும் வண்டியைத் தடத்திலிருந்து விலக்கித் தள்ளும் அமைப்பாக இருக்கும். அந்த நீளக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு தடுப்புகளும் நெருங்கி இருந்தால், தொடர் கடந்துபோவதற்காக இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்க வேண்டிவரும்.

பாதையோரச் சுவரில் ஆள் நிற்குமளவு மாடங்கள் குடைந்திருப்பார்கள். உள்ளேயும் விளிம்பைச் சுற்றியும் வெள்ளையடித்திருக்கும். கரிச் சுரங்கத்தில் சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, காற்றிலுள்ள தூசியும் கறுப்பு. தலைவிளக்கைத் திருப்பிய ஒரு நொடியில் கண்ணில் படக்கூடியது அந்த வெள்ளைதான். மாடத்துக்குள் சாமான் எதையும் வைக்கக்கூடாது. ஹாலேஜை இயக்குபவருக்குக் கொடுக்கும் மணிச் சைகையிலும் இதே சிந்தனை தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு மணி என்றால் 'நிறுத்து'. ஆபத்தில் இருப்பவனுக்கு இரண்டாவது முறை அடிக்க நேரம் இருக்காது.

நேரடி ஹாலேஜில் ஒரு குறை உண்டு. தொடர் மேலே போய்த் திரும்பும் வரை கீழே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். முடிவில்லா வட ஹாலேஜ் இதைத் தீர்க்கிறது. வடத்தின் இரு முனைகளையும் பின்னி வளையமாக்கி, இரட்டைத் தண்டவாளத்தின் வழியே ஓயாமல் மெதுவாகச் சுற்றவிடுவார்கள். ஒரு தடத்தில் நிறைந்த டப்கள் ஏறும். மறு தடத்தில் காலி டப்கள் இறங்கும். ஒவ்வொரு டப்பையும் குறிப்பிட்ட இடைவெளியில் கவ்வி கொண்டு ஓடும் வடத்தில் பிணைப்பார்கள். டப்கள் 20 மீட்டர் இடைவெளியில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால், 20 விநாடிக்கு ஒரு டப், மணிக்கு 180 டப். வேகம் குறைவு என்றாலும் வரத்து அறுபடுவதில்லை.

ஓடும் வடத்தில் கவ்வியை மாட்டும் வேலையைச் சற்று அருகில் நின்று பாருங்கள். ஸ்மால்மன் கவ்வி என்ற வகை பல இடங்களில் புழங்கியது. இரண்டு இரும்புத் தகடுகள், நடுவே ஒரு நெம்புகோல். டப்புக்கு அடியில் தண்டவாளங்களுக்கு இடையே ஊர்ந்துகொண்டிருக்கும் வடத்தின் மேல் தொழிலாளி குனிந்து, தகடுகளின் வாய்க்குள் வடத்தை வாங்கி, நெம்புகோலை அழுத்துவார். தகடுகள் வடத்தைக் கவ்வியதும், ஒரு குலுக்கலுடன் டப் நகரத் தொடங்கும். அவர் விரல்களுக்கும் வடத்துக்கும் இடையே இருப்பது பழக்கம் ஒன்றுதான். ஒரு ஷிப்டில் இதை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும்.

வளையமான வடத்தை உருளை எப்படி இழுக்கிறது என்று சிலருக்குச் சந்தேகம் வரும். முனை எங்கும் கட்டப்படவில்லையே? திமிறும் மாட்டின் கயிற்றைத் தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், ஒரு சிறுவன்கூட அதைப் பிடித்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு சுற்றும் உராய்வின் பிடியைப் பல மடங்காக்குகிறது. இங்கும் வடத்தை ஓட்டும் சக்கரத்தில் மூன்று நான்கு சுற்றுகள் சுற்றி, வளையத்தின் தளர்ந்த பக்கத்தை ஓர் எடை கட்டி இறுக்கி வைத்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் இதுவே அடிப்படை.

பாதை ஒரே சீராக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருந்தால் தொடரின் முன்னும் பின்னும் ஒவ்வொரு வடம் கட்டி இரண்டு பக்கமும் இழுப்பது உண்டு. மெயின் அண்ட் டெயில் என்பது அதுதான். கரி மேலிருந்து கீழே வரவேண்டிய இடங்களில் மோட்டாரே வேண்டாம்: கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியதுபோல, இறங்கும் நிறைவண்டி காலிவண்டியை மேலே இழுத்துவிடும்.

சமதளத்தில் நெடுந்தூரம் போக லோகோ, அதாவது சிறிய ரயில் எஞ்சின், வசதியானது. எஞ்சின் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழுத்தால் சக்கரம் வழுக்கும். 10 டன் லோகோவின் இழுவை 2 டன் என்று கொள்ளுங்கள். தண்டவாளத்தில் வண்டியின் உராய்வு அதன் எடையில் நூறில் ஒரு பங்கு என்றால், சமதளத்தில் அது தன்னோடு சேர்த்து 200 டன்னை நகர்த்தும். 15-க்கு 1 ஏற்றத்திலோ 26 டன்தான். அதில் 10 டன் லோகோவே. மீதி 16 டன்னுக்காக ஓர் எஞ்சினா? ஆகவே லோகோ ஓடும் பாதைகளை ஏறக்குறையச் சமமாக, நிறைவண்டி போகும் திசையில் மிக லேசாகச் சரியும்படி அமைப்பார்கள். மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். டீசல் லோகோவின் புகைவழியில் தீப்பொறி தடுப்பான் வைப்பதும், தலைக்குமேல் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் லோகோவை வாயு மிகுந்த சுரங்கங்களில் அனுமதிக்காததும் இதனால்தான்.

இன்றைய சுரங்கங்களின் முதன்மை வழி கன்வேயர் பெல்ட். சுரங்கத்துக்கென முதல் பெல்ட்டை 1905-இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் சட்கிளிஃப். டப்பில் போகும் கரிக்கு வண்டி வேண்டும், காலி வண்டி திரும்பி வர வேண்டும், கோக்க வேண்டும், கழற்ற வேண்டும். பெல்ட்டில் பாதையே வண்டி. ஒவ்வொரு மீட்டரிலும் 50 கிலோ கரி கிடக்க, பெல்ட் விநாடிக்கு 2 மீட்டர் ஓடினால், மணிக்கு 360 டன். மேலே பார்த்த 180 டப் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள்; அங்கே எத்தனை கைகள், இங்கே எத்தனை? அடியிலுள்ள உருளைகள் பெல்ட்டின் இரு ஓரங்களையும் உயர்த்தித் தொட்டிபோல் குழித்து வைப்பதால் கரி சிந்துவதில்லை. ஏறத்தாழ 18 பாகை ஏற்றம் வரை சாதாரண பெல்ட் சமாளிக்கும். அதற்குமேல் கரி பின்னோக்கி உருளத் தொடங்கும்.

சுரங்கத்தில் பெல்ட்டுகள் வாய்க்கால் அமைப்பைப் போன்றவை. ஃபேஸில் குவிந்த கரியை வாளி வைத்த லோடர் அள்ளிச் சங்கிலிக் கன்வேயரில் கொட்டும். அது சிறிய பெல்ட்டுக்கும், சிறியது பெரிய பெல்ட்டுக்கும் கைமாற்றும். ராமகுண்டம் அருகே அட்ரியாலாவில் உள்ளது போன்ற லாங்வால் சுரங்கங்களில் ஃபேஸ் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவராக நிற்கும். அதன் முழுநீளத்துக்கும் எஃகுத் தொட்டியில் சங்கிலி கட்டிய கவசக் கன்வேயர் கிடக்கும். வெட்டும் இயந்திரம் அதன் மேலேயே ஏறி நகர்ந்து வெட்ட, கரி காலடியில் விழுந்து உடனே பயணத்தைத் தொடங்கிவிடும்.

பெல்ட்டுகளை ஓட்டத் தொடங்குவதிலும் ஒரு முறை உண்டு. வெளியே இருக்கும் பெல்ட்டை முதலில் ஓடவிட்டு, பிறகு அடுத்தது, அடுத்தது என்று உள்ளே போக வேண்டும். நிறுத்தும்போது உள்ளிருந்து வெளியே. நடுவில் ஒன்று நின்றால், அதற்கு உள்ளே இருப்பவை எல்லாம் தாமே நிற்கும்படி மின்சுற்றுகளைப் பின்னியிருப்பார்கள். இல்லையென்றால் உள் பெல்ட் கொட்டிக்கொண்டே இருக்க, நின்ற பெல்ட்டின் வாயில் சில நிமிடங்களில் கரி மலையாகக் குவிந்துவிடும். பெல்ட்டின் நெடுகிலும் ஒரு கம்பி கட்டியிருக்கும். எங்கிருந்து இழுத்தாலும் பெல்ட் நிற்கும்.

உருண்டோடும் ஆபத்தைப் பெல்ட் பெரிதும் குறைத்தது. பதிலுக்குக் கொண்டுவந்தது தீ. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிரெஸ்வெல் சுரங்கம், 1950 செப்டம்பர் 26, விடியற்காலை. ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கரி மாறும் இடத்தில், கிழிந்த ரப்பர் பெல்ட்டின் துண்டுகள் சிக்கி அடைத்துக்கொண்டன. பெல்ட் அவற்றின்மேல் உரசிக்கொண்டே ஓடியது. சூடேறி, தீப்பற்றியது. அந்தப் பாதை வெளிக்காற்று உள்ளே போகும் பாதை. எரியும் ரப்பரின் புகையையும் கார்பன் மோனாக்சைடையும் அந்தக் காற்றே சுமந்துகொண்டு, உள்ளே வேலை செய்தவர்களை நோக்கிப் போனது. 80 பேர் இறந்தார்கள். எளிதில் தீப்பற்றாத பிவிசி பெல்ட்டுகள் பிரிட்டனின் சுரங்கங்களுக்கு வந்தது இதற்குப் பின்னர்தான்.

முன்பு சொன்ன தென்னைமரக் கயிறு இங்கே மீண்டும் வருகிறது. உருளையும் பெல்ட்டும் உராய்வால்தான் பிடித்துக்கொள்கின்றன. பெல்ட் தளர்ந்தாலோ சுமை மிகுந்தாலோ உருளை மட்டும் சுழலும், பெல்ட் நிற்கும். ஓட்டுவதற்கு உதவிய அதே உராய்வு இப்போது ஒரே இடத்தைச் சுடவைக்கும். பெல்ட்டின் வேகம் உருளையின் வேகத்தைவிடக் குறைந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இதற்காகவே இருக்கிறது. இன்னும் எளிய காவல் ஒன்று உண்டு: மண்வெட்டி. பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரித்தூளை அன்றன்றே வாரிவிட வேண்டும். தூளில் புதைந்த உருளை நின்றுபோகும். நின்ற உருளையின்மேல் பெல்ட் உரசும். பக்கத்திலேயே எரிவதற்கு ஆயத்தமாகத் தூள் கிடக்கும். நவீனச் சுரங்கத்திலும் பெல்ட்டைச் சுத்தம் செய்பவரின் வேலையை நான் முதல்தரமான பாதுகாப்புப் பணியாகவே கருதுகிறேன்.

சரிவு இல்லாமல் நேர்க்குத்தாக இறங்கும் சுரங்கங்களில் கரியைக் கூண்டிலோ பெரிய எஃகு வாளியிலோ தூக்குவார்கள். அதை வைண்டிங் என்பார்கள். அது தனிக்கட்டுரைக்கு உரியது.

கரிக்கு இத்தனை வழி செய்த சுரங்கங்களில் மனிதர்கள் நெடுங்காலம் நடந்தே போனார்கள். டப்பில் ஏறிப் போவதற்குத் தடை, தடை சரியானதுதான். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் சரிவில் இறங்கி, எட்டு மணிநேரம் உழைத்து, மீண்டும் ஏறிவருவது உடலை உருக்கிவிடும். இப்போது பல சுரங்கங்களில் நாற்காலி வட ஏற்பாடு இருக்கிறது. பார்த்தவுடன் அடையாளம் தெரியும்: அதே முடிவில்லா வடம்தான், தலைக்குமேல் ஓடுகிறது, டப்புக்குப் பதிலாகத் தண்டில் பொருத்திய சிறு இருக்கை தொங்குகிறது. தண்டை இரு கால்களுக்கு நடுவே வாங்கி, கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கால்கள் தரைக்குச் சற்று மேலே தொங்க, ஷிப்ட் முடிந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மேலேறுவார்கள். எதிர்ப்பக்கத்தில் அடுத்த ஷிப்டின் விளக்குகள் அதே வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.